நின்றுபோன பல்வலியும் 9,000 ரூபாயும்

கேள்வி சுருக்கமாக: ஓமலூர் பக்கம் ஒரு குடும்பம். கணவருக்கு விசைத்தறி வேலை, வாயில் பாக்கு ஒதுக்கும் பழக்கம் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு மாதம் உயிரை எடுத்தது. ரூட் கேனாலும் (கெட்ட நரம்பை எடுத்துப் பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைப்பது) கேப்பும் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) சேர்த்து 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பணம் புரட்டுவதற்குள் வலி தானாகவே நின்றுவிட்டது. கேட்பவருக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். சர்க்கரை உள்ள மாமியாருக்கு முன்பற்கள் ஆடுகின்றன; கிளீன் செய்தால் கொட்டிவிடும் என்று பயப்படுகிறார். 6 வயது மகளுக்குப் பின்பக்கப் பல்லில் சொத்தை. விழப்போகிற பல்தானே என்று விட்டிருக்கிறார்கள். யாருக்கு என்ன பார்ப்பது, செலவை எப்படிக் குறைப்பது, தினமும் எப்படித் தேய்ப்பது?

முதலில் உங்கள் கணவர். நான்கு பேரில் அவசரம் அவருக்குத்தான். காரணம், வலி நின்றுவிட்டது.

பல்லின் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்குள் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. சொத்தை அந்த அறையை நெருங்கும்போது உள்ளே வீக்கம் வரும். கையில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் அப்படி இடமில்லை, சுற்றிலும் கல் போன்ற சுவர். அந்த அழுத்தம்தான் ராத்திரி தூங்கவிடாத வலி. சில நாளோ சில வாரமோ கழித்து நரம்பு செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்காது, அவ்வளவுதான். கிருமிகள் உள்ளேயே இருந்துகொண்டு வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கும். ஒருநாள் ஈறில் பரு மாதிரி ஒரு சீழ்க் கொப்புளம் வரும், அல்லது கன்னம் வீங்கும். அப்போது மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டால் வீக்கம் வடியும். ஊற்று பல்லுக்குள் இருப்பதால் திரும்ப வரும். பல்லைத் திறந்து சுத்தம் செய்யாமல், அல்லது பிடுங்காமல், மாத்திரையால் மட்டும் இது தீராது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோருக்கும் உதவும். இனிப்போ ஜில் தண்ணீரோ பட்டால் சுருக்கென்று கூசி, எடுத்தவுடன் சில நொடிகளில் போய்விட்டால், பெரும்பாலும் அடைத்தாலே போதும். சூடாகக் காபி குடித்தபின் வலி எழுந்து பல நிமிடம் நின்றால், படுத்தால் அதிகமானால், நரம்பு கெட ஆரம்பித்துவிட்டது. ரூட் கேனால் அல்லது பிடுங்குவது. தனியாரில் முதல் கட்டத்துக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம். இரண்டாம் கட்டத்துக்கு அதைப்போல ஐந்தாறு மடங்கு. உங்களிடம் கேட்ட 9,000 அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். சுருக்கென்று கூசிய நாளில் போயிருந்தால் அந்த எண்ணே வந்திருக்காது.

இப்போது என்ன செய்யலாம்? எந்தப் பல் என்று பாருங்கள். கடைசியாக முளைத்த ஞானப்பல் என்றால் யோசிக்காமல் பிடுங்கிவிடலாம். நடுக் கடைவாய்ப் பல், அதாவது சோறு மெல்லும் முக்கியமான பல் என்றால், காப்பாற்றப் பாருங்கள். அதைப் பிடுங்கினால் பின்னால் இருக்கும் பல் காலி இடத்துக்குள் சாயும். எதிர்ப் பல் மெல்ல இறங்கும். இடுக்குகளில் சோறு சிக்கிப் புதுச் சொத்தை வரும். பிறகு பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் தாங்கிக் கட்டும் செயற்கைப் பல்) கட்டப்போனால் இதைவிட அதிகம் கேட்பார்கள். ஆனால் பல்லின் தலைப்பகுதி முழுக்க உளுத்து ஈறுக்குக் கீழே போயிருந்தால் ரூட் கேனால் செய்வது வீண் செலவு. எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

அரசு மருத்துவமனையில் ரூட் கேனால் செய்துகொள்ளலாம், ஆனால் பல முறை போகவேண்டி வரும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் முறை பல்லைத் திறந்து மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். வலி இல்லை என்று இவரும் போகாமல் இருந்துவிடுவார். அந்தத் தற்காலிக அடைப்பு சில வாரத்தில் கரைந்து உதிரும். எச்சில் உள்ளே போய், செய்த வேலை எல்லாம் பாழாகும். அதேபோல் ரூட் கேனால் முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால், உள்ளே குடைந்து மெலிந்த சுவர் ஒருநாள் முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் பிடுங்குவதுதான் வழி. கேப்பில் மிச்சம் பிடிக்க இடம் உண்டு: முழு உலோகக் கேப் இருப்பதிலேயே மலிவு, உறுதியும் அதிகம், பல்லை ராவுவதும் குறைவு. பின்னால் இருக்கிற பல் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? வெள்ளைக் கேப்தான் போடவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள்.

கேப்புக்கும் வழியில்லை, நாலு நடை நடக்கவும் முடியாது என்றால் பிடுங்கிவிடுவது நல்லது. சீழ் பிடித்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காலம் தள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல். பிடுங்கிய பிறகு பஞ்சை 30 முதல் 45 நிமிடம் இறுகக் கடித்திருக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது. எச்சிலை விழுங்கிவிட வேண்டும். குழியில் உறையும் ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. பீடி இழுத்தாலும் ஸ்ட்ராவில் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடும். மூன்றாம் நாள் எலும்பு திறந்துகொண்டு, பல்வலியைவிட மோசமான வலி வரும். மறுநாளிலிருந்து ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகக் கொப்பளித்தால் போதும்.

இதற்கிடையில் வீங்கினால் எதற்குப் பயப்பட வேண்டும்? தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் போல இறுகி வீங்குவது, வாய் திறக்காமல் போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, கூடவே காய்ச்சல். இதில் ஏதாவது தெரிந்தால் பல் டாக்டர் எப்போது வருவார் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய வீக்கம் அது.

அவர் பாக்கு ஒதுக்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேலும் கீழுமாக நிறுத்தி, முன்பற்களுக்கு இடையில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்று நுழைந்தால் சரி. இரண்டுதான் நுழைகிறது, ரசம் பட்டாலே கன்னம் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தோல் போல இறுகியிருக்கிறது என்றால், பாக்கு தன் வேலையைத் தொடங்கிவிட்டது. புகையிலை கலக்காத வெறும் பாக்குக்கே இந்தக் குணம் உண்டு. இறுகிய சதை பழையபடி இளகுவது கடினம். அது புற்றாக மாறும் வாய்ப்பும் இருக்கிறது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதையாவது தடுக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதுவாக இருந்தாலும், பல் பார்க்கப் போகும் அன்றே காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து உங்கள் ஈறு. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே அழுக்குத் தங்கியதால்தான் ஈறு வீங்கியது. வீங்கியதால்தான் தொட்டவுடன் ரத்தம். விட்டால் இன்னும் தங்கும். மெதுவான பிரஷ்ஷால் அந்த இடத்தையே கவனித்துத் தேய்த்தால் ஒரு வாரம், பத்து நாளில் ரத்தம் குறைய வேண்டும். இரண்டு வாரமாகியும் குறையாவிட்டால் உள்ளே காரை, அதாவது இறுகிக் கல்லாகிப்போன அழுக்கு, கட்டியிருக்கிறது, அது பிரஷ்ஷுக்கு அசையாது.

எப்படித் தேய்ப்பது என்று கேட்டீர்கள். கடையில் ‘சாஃப்ட்’ என்று எழுதிய, தலை சிறியதாக இருக்கிற பிரஷ் வாங்குங்கள். 20 ரூபாய் பிரஷ்ஷுக்கும் 150 ரூபாய் பிரஷ்ஷுக்கும் பல்லுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரிதாக இல்லை. நாரைப் பல்லின் மேல் நேராக வைக்காமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டில், ஈறைப் பார்த்தாற்போல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். நார் நுனி ஈறின் ஓரத்துக்குள் லேசாக நுழைய வேண்டும். அங்கேயே, இடத்தை விட்டு நகராமல், அரிசி அளவு தூரத்துக்கு முன்னும் பின்னும் பத்துமுறை அதிரவிட்டு, பிறகு ஈறிலிருந்து பல் நுனிப் பக்கம் உருட்டி இழுங்கள். இரண்டு பல், அடுத்த இரண்டு பல் என்று நகருங்கள். வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கம், கடைசியாக மெல்லும் பரப்பு. கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் எட்டும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. காரை முதலில் கட்டுவதும் அங்கேதான். பெரும்பாலானவர்கள் எட்டாத இடமும் அதுவே. மொத்தம் இரண்டு நிமிடம். கடிகாரம் பார்த்துத் தேய்த்துப் பாருங்கள், இத்தனை நாள் முக்கால் நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தது தெரியும்.

பிரஷ்ஷை முஷ்டியில் பிடித்துக் குறுக்கே அரம் போல இழுப்பவர்களுக்குப் பத்திருபது வருடத்தில் ஈறோரம் பல் ஆப்பு வடிவில் தேய்ந்து குழியாகும். பிறகு தண்ணீர் பட்டாலே கூசும். பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். மூன்று மாதத்தில், அல்லது நார் வெளியே விரிந்தவுடன் மாற்றிவிடுங்கள். ஒரே மாதத்தில் விரிகிறது என்றால் அழுத்தித் தேய்க்கிறீர்கள்.

பேஸ்ட்டில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஃப்ளூரைடு. அட்டையில் பொடி எழுத்தில் சோடியம் மோனோ ஃப்ளூரோ பாஸ்பேட் என்றோ சோடியம் ஃப்ளூரைடு என்றோ, பக்கத்தில் 1000 பி.பி.எம். என்றோ இருக்கும். இந்தியாவில் பேஸ்ட்டில் அனுமதித்த உச்ச அளவும் அதுதான். மூலிகை என்ற பெயரில் விற்பவற்றில் பலவற்றில் இது கிடையாது. கிராம்பு மணக்கும், நுரைக்கும், சொத்தையைத் தடுக்கும் சரக்கு மட்டும் இருக்காது. ஒவ்வொரு முறை இனிப்போ மாவோ சாப்பிடும்போதும் கிருமிகள் அதைத் தின்று அமிலம் விடும். வாயின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் எச்சில் அதைச் சரிசெய்து, கரைந்ததைத் திரும்பப் படியவைக்கும். அப்படிப் படியும் நேரத்தில் ஃப்ளூரைடு இருந்தால் படிவது முன்னைவிட வலுவாகும். ஆக, எவ்வளவு சர்க்கரை என்பதைவிட ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. சாப்பாட்டோடு ஒரு ஜிலேபி தின்றால் ஒரு தடவை. ஒரு பாட்டில் ஜூஸை மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடித்தால் பல்லுக்கு அத்தனை நேரமும் அமிலக் குளியல்.

ராத்திரி படுக்கப்போகும்போது தேய்ப்பதுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் வற்றிவிடும், பல்லுக்குக் காவல் கிடையாது. காலையில் எழுந்ததும் தேய்ப்பது நம் ஊரில் யாரும் தவறவிடாத பழக்கம். அதை விடச் சொல்லவில்லை. ஒரு வேளைதான் முடியும் என்று அடம்பிடிப்பவர் வீட்டில் இருந்தால், ராத்திரி வேளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சொம்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் நிற்கவேண்டிய ஃப்ளூரைடும் வாய்க்காலில் போய்விடும். முதல் இரண்டு நாள் வாய் ஒரு மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். காபி குடித்தபின், சாப்பிட்டபின் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கும் பழக்கம் வேறு. அது நல்லது, விட்டுவிடாதீர்கள்.

அளவு? விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கிக் காட்டுவது அவர்கள் வியாபாரம். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும், சுமார் கால் கிராம். நாலு பேர் இரண்டு வேளை தேய்த்தாலும் ஒரு நாளைக்கு 2 கிராம். 100 கிராம் ட்யூப் 50 நாள் வரும். பேஸ்ட் கட்டுப்படியாகவில்லை என்பவர்கள் பெரும்பாலும் மூன்று மடங்கு பிதுக்குகிறவர்கள்தான்.

செங்கல் பொடி, உமிக்கரி, கடையில் விற்கும் கரடுமுரடான பற்பொடி எல்லாம் பல்லை வெளுக்கச் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் எனாமலைத் தேய்த்து எடுக்கும். எனாமல் திரும்ப வளராது. அது மெலிந்து உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும், உடனே இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். புகையிலை கலந்த பற்பொடியை 1992-லேயே அரசு தடை செய்தது; இன்னும் எங்காவது தென்பட்டால் தொடாதீர்கள். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று மாமியார் சொல்லக்கூடும். (வேல் என்பது கருவேல், பலர் வேம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.) குச்சியைப் பத்து நிமிடம் மென்று பொறுமையாகத் தேய்த்ததில்தான் அதன் பலன். முன்பற்களை அது நன்றாகத் துடைக்கும். கடைவாயின் உள்பக்கத்தை எட்டாது, ஃப்ளூரைடும் கிடையாது. குச்சி மேல் ஆசை இருந்தால் காலையில் வைத்துக்கொள்ளட்டும், ராத்திரி பேஸ்ட்.

பல்லிடுக்கில் சிக்கியதை ஊக்காலும் விளக்குமாற்றுக் குச்சியாலும் குத்துவதை நிறுத்துங்கள். ஈறு கிழிந்து இடுக்கு பெரிதாகும். பல் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல், 45 செ.மீ. நீளம் எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றி, பல்லை அணைத்தாற்போல் மேலும் கீழும் இழுக்க வேண்டும். இடுக்கு ஏற்கெனவே அகன்றிருந்தால், பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி போல ஒன்று மெடிக்கலில் கிடைக்கும். அது உங்கள் மாமியாருக்கு நூலைவிடப் பயன்படும். ஒன்றைக் கழுவிக் கழுவிச் சில நாள் வைத்துக்கொள்ளலாம்.

மாமியாரின் பயம் ஊரில் பாதிப்பேருக்கு உள்ள பயம்தான். தேய்க்காமல் விட்ட அழுக்குப்படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சில நாளிலேயே இறுகத் தொடங்கும், அதுதான் காரை. அது ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பின்வாங்கும். வேர் பாதிக்கு மேல் பிடிமானம் இழந்த பல்லை, சுற்றிலும் கட்டிய காரை சிமென்ட் பூசியதுபோல ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருக்கும். கிளீன் செய்து காரையை எடுத்ததும் பல் ஆடும், இடைவெளி தெரியும், கூசும். ஆட்டம் அதற்கு முன்பே வந்ததுதான். காரை அதை மறைத்து வைத்திருந்தது. கூச்சம் சில நாளில், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரத்தில் குறையும். மெஷின் எனாமலைச் சுரண்டிவிடும் என்பதும் பொய். அது காரையை அதிர்வால் உடைக்கும் கருவி, கூடவே தண்ணீர் பீய்ச்சும்.

அவருக்குச் சர்க்கரை இருப்பதால் இது இன்னும் முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். போகும்போது கடைசியாக எடுத்த மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டையும், போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவராக இருந்தால், பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது. காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் முடித்துக்கொண்டு போகட்டும். வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்து மயங்கி விழக் கூடாது. லேசாக முன்னும் பின்னும் ஆடுகிற பல்லைச் சுத்தம் செய்து காப்பாற்றலாம். அழுத்தினால் உள்ளே இறங்கி எழும்புகிற பல் போனதுதான். அதற்குக் கழற்றி மாட்டும் பல் செட் போதும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சோப்பும் மெதுவான பிரஷ்ஷும் போதும்.

பல் செட் என்றதும் ஒரு எச்சரிக்கை. சந்தையிலும் பேருந்து நிலையம் பக்கமும், ஒரே மணி நேரத்தில் ‘ஃபிக்ஸட் பல்’ கட்டித் தருகிறேன் என்பவர்கள் பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் மாவை ஒட்டிவிடுவார்கள். சில நூறு ரூபாய்தான். அடியில் சோறு தங்கி, ஈறு அழுகி, ஒன்றுக்கு மூன்றாகப் பல் போகும். பல்லில் புழு எடுத்துக் காட்டுகிறேன் என்பவர்களும் அதே ரகம். பல்லுக்குள் புழு கிடையாது. எந்த கிளினிக்காக இருந்தாலும் பி.டி.எஸ். படிப்பும் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணும் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி மகள். 6 வயதில் கடைவாயில் சொத்தையான பல் பால் பல் என்றால், அது விழ 10 முதல் 12 வயது ஆகும். இன்னும் ஐந்தாறு வருடம் அதில்தான் சாப்பிட வேண்டும். முன்னதாகப் பிடுங்கினால் பின்பல் முன்னே நகர்ந்து, அடியில் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் கோணலாக முளைக்கும். கம்பி கட்டும் செலவு பல ஆயிரங்களில் வரும். அதைவிட முக்கியமான ஒன்று: இந்த வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு புதுப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். அவை நிரந்தரப் பற்கள். டார்ச் அடித்து, நடுவிலிருந்து ஒரு பக்கம் எண்ணிப் பாருங்கள்: ஆறாவதாக இருப்பது அதுதான். சொத்தை அதில் என்றால் நாளைக்கே போக வேண்டும்.

குழந்தைக்கு மலிவான வைத்தியம் இருக்கிறது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்று ஒரு திரவம். மெஷின் இல்லாமல், ஊசி இல்லாமல், சொத்தையின் மேல் ஒரு சொட்டுத் தடவினால் அது பெரும்பாலும் மேலும் பரவாமல் நிற்கும். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கடைவாய்ப் பால் பல்லுக்கு அது ஒரு குறையே இல்லை. நரம்பு வரை போய் வலிக்கிற பல்லுக்கு மட்டும் இது உதவாது. இன்னொன்று, கைக்கருவியால் மெத்தென்று இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஃப்ளூரைடு விடும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைப்பது. இவை இரண்டையும், ஃப்ளூரைடு பேஸ்ட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நல்லபடியாக முளைத்திருக்கும் ஆறாம் பல்லின் பள்ளங்களைச் சொத்தை வருமுன்பே பூசி மூடுவதற்கு சீலன்ட் என்று பெயர்; ஒரு பல்லுக்கு ஆகும் செலவு ஃபில்லிங்கைவிடக் குறைவு.

தலையைத் தானே பின்னிக்கொள்ளத் தெரியாத வயதில் பல்லையும் தானே ஒழுங்காகத் தேய்க்கத் தெரியாது. ராத்திரி நீங்கள் அவள் பின்னால் நின்று, தலையை உங்கள்மேல் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள். 3 வயதுக்குக் கீழே அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு பேஸ்ட் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நீங்கள் இருப்பது சேலம் மாவட்டம். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு அதிகம். பல்லில் சுண்ணாம்புக் கோடும் பழுப்புக் கறையும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இதற்காகத்தான். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் இது போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடத்தான் செய்யும். மகளுக்குக் குடிக்க ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். கறை உருவாவது பல் ஈறுக்குள் வளரும் சுமார் 8 வயதுக்குள்தான். பேஸ்ட்டை விழுங்காமல் துப்ப அவளுக்குப் பழக்குங்கள், அதுவரை அரிசி அளவே போதும். அதற்காக பேஸ்ட்டையே நிறுத்திவிட வேண்டாம்: தண்ணீர் உள்ளே போவது, பேஸ்ட் மேலே பட்டுத் துப்பப்படுவது.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், பெரும்பாலான வட்ட மருத்துவமனைகளிலும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் டாக்டர் உண்டு. பிடுங்குவது, கிளீனிங், சாதாரண அடைப்பு ஆகியவற்றை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ரூட் கேனாலுக்குச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவு. அரசு பல் மருத்துவக் கல்லூரி என்று தனியாக இருப்பவற்றில் பழையது சென்னையில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன, உங்களுக்கு அவை தூரம். சேலத்தைச் சுற்றித் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ‘மாணவன் கையில் பல்லைக் கொடுப்பதா’ என்று தயங்க வேண்டாம். பேராசிரியர் ஒவ்வொரு கட்டமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மாணவர் அடுத்த படிக்குப் போக முடியும். கட்டணம் கிளினிக்கைவிடக் கணிசமாகக் குறையும். பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும்: கிளினிக்கில் அரை மணியில் முடியும் அடைப்பு அங்கே காலைப்பொழுதையே விழுங்கும். கேப், பல் செட் போல லேபில் செய்கிற வேலைக்கு மட்டும் பொருள் செலவு தனியாகக் கேட்பார்கள். முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கிலேயே செய்வதானாலும் மொத்தமாக 9,000 என்று கேட்டு மலைத்துத் திரும்பாதீர்கள். எக்ஸ்ரே எவ்வளவு, ரூட் கேனால் எவ்வளவு, அடைப்பு எவ்வளவு, கேப் எந்த வகை, அது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ரூட் கேனாலை அரசு மருத்துவமனையில் முடித்துக்கொண்டு, உலோகக் கேப்பை மட்டும் வெளியே போட்டுக்கொள்பவர்கள் நிறைய உண்டு. இரண்டுக்கும் இடையில் மாதக்கணக்கில் இழுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு நாள் கூலியைத்தான் விட முடியும் என்றால், கணவரையும் மகளையும் ஒரே நாளில் கூட்டிப்போங்கள். காலை ஓ.பி. நேரத்தில் சீக்கிரமே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் அதிகம். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மாமியாருக்கும் கிளீனிங். அது இரண்டு வாரம் பொறுக்கும். அதற்குள் ராத்திரித் தேய்ப்பை ஆரம்பித்துவிட்டுப் போனால், உங்கள் ஈறில் எந்த இடத்தில் ரத்தம் நின்றது, எந்த இடத்தில் இன்னும் வருகிறது என்று டாக்டரிடம் விரலை வைத்தே காட்ட முடியும்.